பிங் போகிறது, ஐபி கட்டளை தொங்குகிறது: டிரைவரில் லாக் சிக்கலை எங்கிருந்து தேடுவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், சரிதானா பாருங்கள். உங்கள் குழு எழுதிய ஈத்தர்நெட் டிரைவர் (நெட்வொர்க் கார்டை இயக்கும் நிரல்) லினக்ஸ் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், ஓடுகிறது. டிராஃபிக் அதிகமாக இருக்கும்போது கார்டின் இணைப்பை நிறுத்த ‘ஐபி லிங்க் டவுன்’ கொடுத்தால் சில சமயம் கட்டளை திரும்பி வருவதே இல்லை. அதன் பிறகு எந்த ஐபி கட்டளையும் நகர்வதில்லை, புதிதாக எஸ்எஸ்எச் போட்டாலும் நின்றுவிடுகிறது. ஆனால் இன்னொரு கார்டு வழியாகப் பிங் மட்டும் நன்றாகப் போகிறது. வேறு சில நாட்களில் ‘சாஃப்ட் லாக்அப், 22 நொடியாகச் சிக்கியிருக்கிறது’ என்று டிமெசேஜில், அதாவது கெர்னலின் செய்திப் பதிவில், வருகிறது. செய்தி அச்சடிக்கும் பிரிண்ட்கே வரிகளை டிரைவரில் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. கடைசியில் கேட்கிறீர்கள்: ஸ்பின்லாக்கை (கிடைக்கும் வரை சிபியு சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக்) எல்லாம், இன்டரப்டையும் (ஹார்டுவேர் குறுக்கிடும் அழைப்பையும்) மூடும் ஐஆர்க்யூசேவ் வகைக்கு மாற்றிவிடலாமா, இல்லை மியூட்டெக்ஸ் (தூங்கிக் காத்திருக்கும் லாக்) போட்டுவிடலாமா?

எந்த லாக், அதாவது ஒரே தரவை ஒரே சமயத்தில் இருவர் தொடாமல் காக்கும் பூட்டு, போடுவது என்ற கேள்விக்கு இப்போது பதில் சொன்னால் அது குருட்டு வைத்தியம். உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது, தொங்கும் நேரத்தில் யார் எதைப் பிடித்துக்கொண்டு எதற்காகக் காத்திருக்கிறார் என்பதுதான். பதினைந்து வருடத்துக்கு மேலாக நெட்வொர்க் டிரைவர்களோடு மல்லுக்கட்டியதில் நான் பார்த்தது இது: இரண்டு லாக்குகள் தலைகீழ் வரிசையில் மோதிக்கொள்ளும் பாடப்புத்தக டெட்லாக் (ஒருவருக்காக ஒருவர் காத்து இருவரும் நின்றுவிடுவது) டிரைவருக்குள் அபூர்வம். லாக்கைப் பிடித்துக்கொண்டே ‘அந்த வேலை முடியும் வரை காத்திரு’ என்று சொல்லும் ஒரு ஃபங்ஷனை அழைப்பதுதான் அடிக்கடி வருவது. அந்த ஃபங்ஷனின் பெயரில் லாக் என்ற சொல்லே இருக்காது. அதனால் லாக் வரிகளை மட்டும் தேடிப் படிப்பவர் கண்ணில் அது படாது.

உங்கள் குறிப்பிலிருந்து நிச்சயமாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. முதல் அறிகுறி ஆர்டிஎன்எல் என்ற மியூட்டெக்ஸ் யாரோ ஒருவர் கையில் மாட்டிக்கொண்டதன் அடையாளம். நெட்வொர்க் அமைப்புகளை மாற்றும் ஏறக்குறைய எல்லா வழியும் அந்த ஒரே லாக் வழியாகப் போகிறது. இன்டர்ஃபேசை ஏற்றுவது, இறக்குவது, முகவரி போடுவது, ஈத்டூல் கட்டளையால் மாற்றும் கார்டு அமைப்புகள் எல்லாம் அதில் அடக்கம். சமீப ஆண்டுகளில் அதைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் வேலை நடக்கிறது என்றாலும் இன்றைக்கும் பெரிய லாக் அதுதான். பாக்கெட் போய்வரும் பாதைக்கு அது தேவையில்லை, ஆகவே பிங் போகிறது. புது எஸ்எஸ்எச் ஏன் நிற்கிறது என்று வியந்திருந்தீர்கள். பெயரை முகவரியாக மாற்றும் ஜிலிப்சி (சி மொழியின் அடிப்படை நூலகம்) ஃபங்ஷன், இந்தக் கணினியில் எந்தெந்த வகை முகவரிகள் இருக்கின்றன என்று நெட்லிங்க் என்ற தொடர்பு வழியாகக் கெர்னலைக் கேட்கும். பழைய கெர்னல்களில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவும் ஆர்டிஎன்எல் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இரண்டாவது அறிகுறி வேறு வகை. ஆர்டிஎன்எல்லுக்காகக் காத்திருப்பவர் தூங்குகிறார், சிபியு சும்மா இருக்கிறது. சாஃப்ட் லாக்அப்பில் சிபியு சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதைக் கண்காணிக்கும் வாட்ச்டாக்கின் வரம்பு இயல்பாக 10 நொடி, அதன் இரண்டு மடங்கு தாண்டியதும் கத்துகிறது. அதனால்தான் எல்லோருக்கும் 22 நொடி போன்ற எண்ணே வருகிறது, அதில் தனி ரகசியம் எதுவும் இல்லை. இரண்டும் ஒரே பிழையின் இரண்டு முகமா, தனித்தனிப் பிழைகளா என்பதை நீங்கள் போட்டிருக்கும் வரிகளை வைத்துச் சொல்ல முடியாது. ஆர்டிஎன்எல் வைத்திருப்பவரே ஸ்பின்லாக்கில் சுற்றிக்கொண்டிருந்தால் ஒரே நோய். இல்லையென்றால் இரண்டு நோய். நான் பந்தயம் கட்டுவதென்றால் இரண்டு என்பேன், ஆனால் அது ஊகம்தான்.

சரி, எப்படிப் பார்ப்பது? அடுத்த முறை தொங்கும்போது ரீபூட் செய்யாதீர்கள். சீரியல் கன்சோலோ, ஏற்கெனவே திறந்து வைத்த ஒரு ஷெல்லோ இருக்கட்டும். சிஸ்ரிக்வெஸ்டில் (கெர்னலுக்கு நேரடியாகக் கொடுக்கும் அவசர விசை) டபிள்யூ கொடுத்தால் டி நிலையில், அதாவது இடையில் எழுப்ப முடியாதபடி, தூங்கும் எல்லாருடைய ஸ்டாக்கும் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்து அங்கே வந்தது என்ற பட்டியல்) வரும். எல் கொடுத்தால் ஒவ்வொரு சிபியுவும் இந்த நிமிடம் என்ன செய்கிறது என்று வரும். லாக்டெப் (லாக் வரிசைகளைச் சோதிக்கும் கெர்னல் கருவி) போட்டுக் கட்டிய கெர்னல் என்றால், டி (d) கொடுத்தால் யார் யார் என்னென்ன லாக் வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலே வந்துவிடும். 120 நொடி காத்திருந்தால் ஹங் டாஸ்க் செய்தியும் தானாக வரும், ஆனால் அது பாதிக்கப்பட்டவர்களைத்தான் முதலில் காட்டும். டபிள்யூ பட்டியலில் பத்துப் பேர் ‘ஆர்டிஎன்எல் லாக்’ என்ற ஃபங்ஷனில் நிற்பார்கள். அவர்களை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். ஒரே ஒருவர் மட்டும் இன்டர்ஃபேசை மூடும் பாதைக்குள் போய், உங்கள் டிரைவரின் ஸ்டாப் ஃபங்ஷனுக்குள் வேறெங்கோ தூங்கிக்கொண்டிருப்பார். லாக் அவர் கையில்தான். அவர் எதற்காகத் தூங்குகிறார் என்பதுதான் உங்கள் வழக்கு.

கேடம்ப், அதாவது கெர்னல் நினைவகத்தின் நகல், எடுத்து வைத்திருந்தால் இன்னும் எளிது. மியூட்டெக்ஸின் ஓனர் என்ற புலத்தில், வைத்திருப்பவரின் டாஸ்க் முகவரி இருக்கும். கடைசி 3 பிட் கொடிகளுக்கானவை, அவற்றை அழித்துவிட்டு அந்த நகலைப் படிக்கும் கிராஷ் கருவியில் கொடுத்தால் ஆள் சிக்குவார். ஸ்பின்லாக்கில் இந்த வசதி இல்லை. இப்போதுள்ள வரிசை ஸ்பின்லாக்குகள் யார் வைத்திருக்கிறார்கள் என்பதை எழுதி வைப்பதில்லை, ஸ்பின்லாக் டீபக் அமைப்பை இயக்கிக் கட்டினால்தான் ஓனர் தெரியும். ஆகவே ஸ்பின்லாக்குக்கு எல்லா சிபியுக்களின் ஸ்டாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒன்றே வழி.

இனி என் ஊகத்துக்கு வருகிறேன். டிராஃபிக் அதிகமானால் மட்டும் வருகிறது, டவுன் கொடுக்கும்போது வருகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது. ஒரு ரவுட்டர் பெட்டி செய்யும் நிறுவனத்துக்காக வேலை செய்த சமயம். அனுப்பும் வரிசை சில நொடி நகராமல் நின்றால் கெர்னலின் நெட்தேவ் வாட்ச்டாக் விழித்துக்கொண்டு டிரைவரை அழைக்கும். டிரைவர் வேறு எதுவும் சொல்லாவிட்டால் அந்த அவகாசம் 5 நொடி. அந்த அழைப்பு டைமருக்குள்ளிருந்து வருவதால் அங்கே தூங்க முடியாது. ஆகவே எல்லாரும் செய்வது போல அந்த டிரைவரும் ஒரு ரீசெட் வேலையை வொர்க்கியூவில் (பிறகு செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை) போட்டுவிட்டுத் திரும்பும். ரீசெட் வேலை முதல் வரியில் ஆர்டிஎன்எல் கேட்கும். மறுபக்கம் ஸ்டாப் ஃபங்ஷன், மூடுவதற்கு முன் அந்த வேலை ஓடாமல் இருக்க வேண்டுமே என்று வேலையை ரத்து செய்து, ஓடிக்கொண்டிருந்தால் முடியும் வரை காத்திருக்கும் ‘கேன்சல் வொர்க் சிங்க்’ அழைக்கும். ஸ்டாப் ஃபங்ஷன் எப்போதும் ஆர்டிஎன்எல்லைப் பிடித்த நிலையில்தான் அழைக்கப்படுகிறது. கதை முடிந்தது: ஸ்டாப் வேலைக்காகக் காத்திருக்கிறது, வேலை ஆர்டிஎன்எல்லுக்காகக் காத்திருக்கிறது, ஆர்டிஎன்எல் ஸ்டாப் கையில் இருக்கிறது. எழுதியவர் ஒரு தவறும் செய்ததாக அவருக்குத் தோன்றாது, தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு ஃபங்ஷனும் ஒழுங்கானவை. நாங்கள் இரண்டு வாரம் ஸ்பின்லாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தோம். உங்கள் டிமெசேஜில் தொங்குவதற்குச் சற்று முன் ‘நெட்தேவ் வாட்ச்டாக், டிரான்ஸ்மிட் கியூ டைம்ட் அவுட்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் என் ஊகம் பாதி உறுதியாகிவிடும். பிரிண்ட்கே சேர்த்ததும் போய்விடுவதும் இதோடு ஒத்துப்போகிறது: வேகம் குறைந்தால் வரிசை அடைபடாது, ரீசெட் வேலையும் ஓடாது.

இதே குடும்பத்தில் இன்னும் சில உறவினர்கள் உண்டு. டைமர் டிலீட் சிங்க், அதாவது பழைய பெயரில் டெல் டைமர் சிங்க், டைமர் ஃபங்ஷன் முடியும் வரை காத்திருக்கும். அந்த டைமர் கேட்கும் ஸ்பின்லாக்கை நீங்கள் பிடித்துக்கொண்டு அதை அழைத்தால் இரண்டு சிபியுவும் சுற்றும், சாஃப்ட் லாக்அப் வரும். பாக்கெட்டுகளைத் தொகுப்பாக எடுக்கும் நாப்பி முறையை நிறுத்தும் நாப்பி டிசேபிள் என்பதை இரண்டு முறை அடுத்தடுத்து அழைத்தால் இரண்டாவது அழைப்பு திரும்பவே திரும்பாது, ஏனென்றால் முதல் அழைப்பு வைத்த கொடி இறங்கும் வரை அது காத்திருக்கும். ரீசெட் பாதையில் ஒருமுறை, ஸ்டாப்பில் ஒருமுறை என்று இது மிக எளிதாக நடக்கும். கெர்னல் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸிலும் இதே பொறி உண்டு. இன்டர்ஃபேசை நீக்கும்போது, அதன் கோப்பைப் படித்துக்கொண்டிருப்பவர் முடிக்கும் வரை கெர்னல் ஆர்டிஎன்எல்லோடு காத்திருக்கும். படிப்பவரும் ஆர்டிஎன்எல் கேட்டால் இருவரும் நின்றுவிடுவார்கள். அதனால்தான் அங்கெல்லாம் ட்ரைலாக் (காத்திருக்காமல் லாக்கைக் கேட்டுப் பார்ப்பது) போட்டு, கிடைக்காவிட்டால் சிஸ்டம் கால் அழைப்பையே முதலிலிருந்து தொடங்கச் சொல்லும் ஒரு விநோதமான வரியைப் பார்ப்பீர்கள். முதல் தடவை பார்த்தபோது யாரோ சோம்பேறித்தனமாக எழுதியது என்று நினைத்தேன். இல்லை, காரணத்தோடுதான் இருக்கிறது.

இப்போது சாஃப்ட் லாக்அப். சிக்கிய சிபியுவின் ஸ்டாக்கில் மேலே ‘கியூட் ஸ்பின் லாக் ஸ்லோபாத்’ (ஸ்பின்லாக்குக்காகச் சுற்றும் ஃபங்ஷன்) இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இல்லையென்றால் அது லாக்கே இல்லாமலும் இருக்கலாம். ஹார்டுவேர் ரெஜிஸ்டரில் ஒரு பிட் இறங்கும் வரை சுற்றும் வரம்பில்லாத லூப் பல டிரைவர்களில் உண்டு. கார்டு பிசிஐ பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டால் எந்த ரெஜிஸ்டரைப் படித்தாலும் எல்லா பிட்டும் ஒன்றாகவே வரும், அந்த பிட் இறங்கவே இறங்காது. லாக்கைத் தேடி ஒரு வாரம் போன பிறகு இதைக் கண்டுபிடித்தால் கோபம் வரும், அனுபவத்தில் சொல்கிறேன்.

ஸ்லோபாத் இருந்தால், எந்தச் சூழலில் ஓடும் நிரல் அது என்று பாருங்கள். நெட்வொர்க் நிரல் மூன்று மாடிகளில் ஓடுகிறது. சாதாரண ப்ராசஸ் கீழ் மாடி, அதற்கு மேல் சாஃப்ட்ஐஆர்க்யூ (இன்டரப்ட் தள்ளிவைத்த வேலையைச் செய்யும் இடம்), அதற்கும் மேல் ஹார்டுவேர் இன்டரப்ட். நாப்பியின் ‘போல்’ (poll) ஃபங்ஷன் ஓடுவது பெரும்பாலும் நடு மாடியில். ஈத்டூல் புள்ளிவிவரம் படிக்கும் உங்கள் ஃபங்ஷன் கீழ் மாடியில் சாதாரண ஸ்பின்லாக் எடுக்கிறது என்று வையுங்கள். அதே சிபியுவில் இன்டரப்ட் வருகிறது, முடிந்து திரும்பும் வழியில் சாஃப்ட்ஐஆர்க்யூ ஓடுகிறது, நாப்பியின் ‘போல்’ ஃபங்ஷன் அதே லாக்கைக் கேட்கிறது. லாக் வைத்திருப்பவர் கீழே, இவர் அவர் தலைமேல் உட்கார்ந்து சுற்றுகிறார். இவர் இறங்கினால்தான் அவர் நகர முடியும். டிராஃபிக் அதிகமாக அதிகமாக இந்த இடைவெளியில் இன்டரப்ட் விழும் வாய்ப்பும் கூடும். மருந்து எளிது: அந்த லாக்கைக் கீழ் மாடியில் எடுக்கும் இடங்களில் எல்லாம் சாஃப்ட்ஐஆர்க்யூவை நிறுத்திவைக்கும் பிஎச் வகை. ஹார்டுவேர் இன்டரப்ட் ஹேண்ட்லரும் அதே லாக்கை எடுத்தால்தான் ஐஆர்க்யூசேவ் வேண்டும். ஐஆர்க்யூசேவை எல்லா இடத்திலும் தெளித்தால் இந்த ஒரு பிழை மறையலாம், ஆனால் இன்டரப்டை மூடிய பகுதிக்குள் தூங்கக்கூடிய அழைப்பு ஏதேனும் இருந்தால் புதுப் பிழை முளைக்கும். மியூட்டெக்ஸ் பற்றியும் கேட்டீர்கள். சாஃப்ட்ஐஆர்க்யூவில் தூங்கக்கூடாது, ஆகவே நாப்பி தொடும் எதற்கும் மியூட்டெக்ஸ் ஆகாது. 2024இல் 6.12 கெர்னலோடு மெயின்லைனுக்குள் (அதிகாரபூர்வக் கெர்னலுக்குள்) வந்த, குறித்த நேரத்தில் வேலை முடிக்க உதவும் ப்ரீஎம்ட் ஆர்டி அமைப்பில் இந்த மாடிக் கணக்கு மாறும். அங்கே பெரும்பாலான ஸ்பின்லாக்குகள் தூங்கும் லாக்குகளாகிவிடும், இன்டரப்ட் ஹேண்ட்லர்கள் த்ரெட்களாகிவிடும். நீங்கள் அதில் கட்டவில்லை என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

இவ்வளவையும் கையால் தேட வேண்டியதில்லை, அதற்குத்தான் லாக்டெப். இங்கோ மோல்னாரும் ஆர்ஜன் வான் டி வெனும் எழுதி, 2006இல் 2.6.18 கெர்னலில் சேர்ந்தது. ஃப்ரீபிஎஸ்டி உலகில் இதே வேலைக்கு விட்னெஸ் என்ற கருவி இருக்கிறது. ப்ரூவ் லாக்கிங் என்ற அமைப்பை இயக்கிக் கெர்னலைக் கட்டுங்கள், கூடவே தூங்கக்கூடாத இடத்தில் தூங்குவதைப் பிடிக்கும் டீபக் அட்டாமிக் ஸ்லீப்பும் இருக்கட்டும். லாக்டெப்பின் அழகு, டெட்லாக் நிஜமாக நடக்கக் காத்திருக்கத் தேவையில்லை என்பது. காலையில் ஒருமுறை ரீசெட் வேலை ஓடி ஆர்டிஎன்எல் எடுத்தது, மாலையில் ஒருமுறை ஸ்டாப் அந்த வேலைக்காகக் காத்திருந்தது, இந்த இரண்டும் அதற்குப் போதும். நடுவில் மோதவே வேண்டாம். ஒவ்வொரு லாக்கையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே இடத்தில் பிறந்தவற்றை ஒரே வகுப்பாக வைத்து வரிசைகளைக் குறித்துக்கொள்கிறது. வொர்க்கியூ, டைமர் காத்திருப்புகளும் அதன் கணக்கில் உண்டு. ஆகவே வேகம் குறைந்தால் பிழை மறைகிறதே என்ற உங்கள் கவலை இதற்குப் பொருந்தாது. மேலே சொன்ன ரவுட்டர் வழக்கில், லாக்டெப் கெர்னலில் டவுன், அப் கொடுத்துக்கொண்டிருந்த பத்தாவது நிமிடம் அறிக்கை வந்தது. இரண்டு வாரத்தை நினைத்து யாரும் அன்று அதிகம் பேசவில்லை.

அறிக்கையைப் படிக்கும்போது ‘பாசிபிள் அன்சேஃப் லாக்கிங் சினாரியோ’ என்று சிபியு 0, சிபியு 1 போட்ட சிறு அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். அது நடக்கக்கூடிய விபத்தின் படம். அப்புறம் மேலே போய் ஸ்டாக்குகளைப் பாருங்கள். பூஜ்ஜிய எண் போட்டது இப்போது நடப்பது, ஒன்று முதலானவை முன்பே எப்போதோ பதிவானவை. ‘இன்கன்சிஸ்டென்ட் லாக் ஸ்டேட்’ என்று வந்தால் அது மாடிப் பிரச்சினை, பிஎச் மறந்த இடம். முதல் அறிக்கையோடு லாக்டெப் தன்னை நிறுத்திக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம். வேறு ஏதோ ஒரு டிரைவரின் எச்சரிக்கை பூட் ஆகும்போதே வந்திருந்தால் உங்களுடையது ஒருபோதும் வராது. இன்னொன்று: மூடிய உரிமம் போட்ட மாட்யூலை ஏற்றினால் ‘கெர்னல் டெயின்ட் காரணமாக லாக் டீபக் நிறுத்தப்படுகிறது’ என்ற வரி வரும். அது வந்த பிறகு அறிக்கை எதுவும் இல்லை என்று மகிழ்வதில் பொருளில்லை. உங்கள் மாட்யூலின் லைசென்ஸ் வரியைச் சரிபாருங்கள்.

லாக்டெப்புக்குத் தெரியாதவையும் உண்டு, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஓடாத பாதை அதன் கண்ணில் படாது. ஆகவே டிராஃபிக்கை உருவாக்கும் ஐபெர்ஃப் கருவி ஓடும்போதே அப், டவுன், ரிங் அளவு மாற்றம், சேனல் எண்ணிக்கை மாற்றம், மாட்யூல் நீக்கம் எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்டில் சுற்ற விடுங்கள். மெமரி கிடைக்காமல் போகும் பாதைகளுக்கு, வேண்டுமென்றே பிழை உண்டாக்கும் ஃபால்ட் இன்ஜெக்ஷன் இருக்கிறது. பிழைப் பாதையில் லாக்கை விடாமல் திரும்பும் ரிட்டர்ன்கள் அதில்தான் மாட்டும். அடுத்தது, ஒரு பிட்டை வைத்துக்கொண்டு ‘பிட் இறங்கும் வரை ஒரு மில்லிநொடி தூங்கு’ என்று லூப் போட்டு டிரைவர்கள் தாங்களே செய்துகொள்ளும் லாக்குகள். லாக்டெப்புக்கு அது வெறும் பிட். நாப்பி டிசேபிளும் உள்ளே இப்படித்தான் காத்திருக்கிறது. உங்கள் டிரைவரில் ‘ரீசெட்டிங்’ என்ற பெயரில் ஒரு கொடி இருந்தால் என் சந்தேகம் முதலில் அதன் மேல்தான் விழும். மறுதிசையில், பொய் எச்சரிக்கையும் வரும். பாண்டிங் (பல கார்டுகளை ஒன்றாக்குவது) மேல் விலான் (ஒரே இணைப்பைப் பல வலைகளாகப் பிரிப்பது) என்று அடுக்கிய இன்டர்ஃபேஸ்களில் ஒரே வகுப்பு லாக் ஒன்றின் மேல் ஒன்று எடுக்கப்படுவதால் அது கத்தும். அதை அடக்க நெஸ்டட் வகை அழைப்பு இருக்கிறது. ஆனால் மேலிருந்து கீழ் என்ற வரிசை ஒருபோதும் மாறாது என்று காகிதத்தில் எழுதி நிரூபித்த பிறகே அதைப் போடுங்கள். எச்சரிக்கையை மூடுவதற்காகப் போட்ட நெஸ்டட் பின்னால் நிஜ டெட்லாக் ஆனதைப் பார்த்திருக்கிறேன்.

பிரிண்ட்கே பற்றி ஒரு வார்த்தை. சீரியல் கன்சோலில் அது மிக மெதுவானது, நேரக்கணக்கையே குலைத்துவிடும். கெர்னல் செய்திகளை நெட்வொர்க்கில் அனுப்பும் நெட்கன்சோலை உங்கள் கார்டு வழியாகவே ஓட்டினால் இன்னும் மோசம்: அனுப்பும் லாக்கைப் பிடித்துக்கொண்டு நீங்கள் அச்சடிக்கும் வரி, அனுப்பப்படுவதற்காக அதே லாக்கைத் தேடி வரும். ட்ரேஸ் பிரிண்ட்கே பயன்படுத்துங்கள், ரிங் பஃபரில் எழுதிவிட்டுப் போய்விடும்.

வேலை, ஆர்டிஎன்எல் மோதல்தான் என்று உறுதியானால் திருத்தம் இப்படி: ஸ்டாப்பிலிருந்து கேன்சல் அழைப்பை எடுத்துவிடுங்கள். ரீசெட் வேலை ஆர்டிஎன்எல் எடுத்த பிறகு, இன்டர்ஃபேஸ் இன்னும் ஓடுகிறதா என்று நெட்இஃப் ரன்னிங் கேட்டு, இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் திரும்பட்டும். கேன்சலை ரிமூவ் ஃபங்ஷனில், இன்டர்ஃபேசைப் பதிவு நீக்கிய பிறகு, ஆர்டிஎன்எல் கையில் இல்லாத இடத்தில் வையுங்கள். வேலைக்குள் ட்ரைலாக் போட்டு, கிடைக்காவிட்டால் தன்னையே மறுபடி வரிசையில் போட்டுக்கொள்ளும் முறையும் கெர்னலில் உண்டு, பாண்டிங் டிரைவர் அதைச் செய்கிறது. அது வேலை செய்யும், ஆனால் வேறு வழி இருக்கும்போது எனக்கு அது பிடிப்பதில்லை. லாக் கிடைக்கும் வரை அது ஓயாமல் எழுந்து உட்கார்ந்துகொண்டிருக்கும், ரீசெட் எப்போது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த முறை தொங்கும்போது சிஸ்ரிக்வெஸ்ட் டபிள்யூ, எல் இரண்டின் முழு வெளியீட்டையும், கெர்னல் பதிப்பையும், ஸ்டாப் ஃபங்ஷனையும் ரீசெட் வேலையையும் இங்கே போடுங்கள். ஸ்டாக்கை டீகோட் ஸ்டாக்ட்ரேஸ் ஸ்கிரிப்டில் ஓட்டி வரி எண்ணோடு போட்டால் எனக்கும் படிக்க எளிது.